ஓட்டைப்படகின் கடைசிக் கதவு

மணி பத்தாச்சு, நீங்க இப்பத்தான் கடை தொறக்கறீங்க. இருநூத்திப் பதினாறு தடவ செத்திருக்கேன் தம்பி, உங்களால. ஓட்டைப்படகுங்கறது நீங்கதானே? பயப்படாதீங்க. ஷட்டர முழுசா தூக்குங்க மொதல்ல, கைலயே தாங்கிட்டு நிக்காதீங்க. நான் போலீஸ் இல்ல. இந்த முட்டிய வச்சிக்கிட்டு நான் திருடனத் துரத்தினா, அவனே பாவம்னு நின்னு என்னை ஆட்டோல ஏத்தி விடுவான்.

ஆமா, அதுதான். ஓடக்காரி நாலாம் பாகம். நீங்க செஞ்ச கேம். சரி, மெதுவாப் பேசறேன்.

இந்தாங்க, இந்தக் கரண்ட் பில்ல ஒரு காப்பி எடுங்க. தேவையில்லதான். யாராச்சும் பாத்தா கஸ்டமர்னு நெனச்சுக்கட்டும். உக்காரலாமா? இந்த ஸ்டூல எனக்குத் தெரியும். உங்க கேம்ல மூணாவது ஊர்ல, தண்ணி பூந்த தெருவுல, ஒரு கடைக்குள்ள இதே ஸ்டூல் மெதக்குது. ஒரு காலுக்குப் பச்சை டேப் சுத்தியிருக்கு. அதுமேல ஏறித்தான நான் பரண் ஜன்னலப் பிடிச்சேன். நெஜ ஸ்டூல் சாயாதுல்ல?

சொல்றேன், வரிசையாச் சொல்றேன். ஓடக்காரிய உருவாக்கின கம்பெனிக்கு எங்க ஆபீஸ்தான் வக்கீல். நான் வக்கீல் இல்ல, டைப்பிஸ்ட். முப்பது வருஷமா டைப்பிஸ்ட். அந்தக் கம்பெனி கேஸெல்லாம் வர ஆரம்பிச்சப்ப, ரசிகருங்க தாங்களே செஞ்ச ஒவ்வொரு கேமையும் யாராவது ஒருத்தர் உக்காந்து விளையாடி, எந்தப் படம் கம்பெனியோடது, எந்தப் பாட்டு கம்பெனியோடது, எந்தப் பேரு கம்பெனியோடதுன்னு எழுதிக் குடுக்கணும்னாங்க. ஜூனியர் வக்கீலுங்ககிட்ட குடுத்துப் பாத்தாங்க. ரெண்டு பேரு ஒரு வாரம் விளையாடினாங்க, ஒரு வரி எழுதல. கேட்டா, இன்னும் ரெண்டு லெவல் இருக்கு சார்ங்கறாங்க. எங்க சீனியர் வக்கீல், பெரியவர், என்னைக் கூப்பிட்டார். அம்மா, உங்களுக்குத்தான் விளையாட்டுலயே ஆசை கிடையாதே, நீங்க பாருங்கன்னார். அப்படி வந்த வேலை. இந்த வயசுல எனக்கு விரல் வலி டைப் அடிச்சு வந்ததில்ல, குதிச்சுக் குதிச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை உங்களுக்கு லெட்டர் வரும். அதச் சொல்லத்தான் வந்தேன்னு வச்சுக்குங்க.

தண்ணி குடிங்க.

கடைக்குத்தான் வரும், வீட்டுக்கு இல்ல. வெப்சைட் வாடகைய கடை பேர்லதான கட்டறீங்க? பேரு ஓட்டைப்படகுன்னு வச்சுக்கிட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சீங்க. வச்ச பேரும் நல்ல பேருதான் போங்க. எங்க ஆபீஸ்ல ஒரே சிரிப்பு, ஜெராக்ஸ் கடைக்காரர் கேமையும் ஜெராக்ஸ் எடுத்துட்டார்னு. நான் சிரிக்கல. விளையாடினது நான்தானே.

யாரோ வந்திருக்காங்க பாருங்க. குடுத்து அனுப்புங்க, நான் எங்க போகப்போறேன். ரெண்டு பக்கமும் கேக்கறாங்க, நீங்க ஒரு பக்கம் எடுக்கறீங்க. நிதானமா.

போயிட்டாங்களா. சரி.

இல்ல தம்பி, காசு வாங்கலங்கறது பதில் இல்ல. எல்லாரும் மொதல்ல அதத்தான் சொல்றாங்க. காசு வாங்கியிருந்தா இன்னும் மோசம், அவ்வளவுதான். ஒரு கல்லூரி வாத்தியார் இருந்தார், நல்ல மனுஷன், விருப்பமிருந்தா நன்கொடை குடுங்கன்னு ஒரு மூலைல சின்னதா ஒரு பட்டன் வச்சார். டீ செலவுக்குக்கூட வரல. ஆனா அந்த ஒரு பட்டன வச்சு எங்க ஜூனியர் நாலு பக்கம் எழுதினான். நீங்க அத வைக்கல. அது நல்லதுதான். ஆனா நல்லது வேற, தப்பிக்கறது வேற.

எல்லாமே கையால வரைஞ்சீங்க, தெரியும். ஒரு படத்தக்கூட வெட்டி ஒட்டல, அதுவும் தெரியும். அந்த மஞ்சள் தலைத்துணி, அந்தத் துடுப்பு, அவ குனிஞ்சு தண்ணியப் பாக்கற பார்வை, எல்லாம் நீங்களே வரைஞ்சதுதான். பக்கத்து வீட்டு மாமரத்துல நீங்களே ஏறி, நீங்களே பறிச்சு, நீங்களே சுமந்துட்டு வந்தா மாங்கா உங்களுதாயிடுமா?

துணிய நீலமாக்கிட்டா? ஒருத்தர் மாத்தினார். பேரையும் படகுக்காரின்னு வச்சார். கம்பெனிக்காரங்க பாத்துட்டு, எங்க பொண்ணு நீலம் கட்டியிருக்குன்னாங்க. 

அப்புறம் கேம் தொறந்ததும் மொத பக்கத்துல போட்டிருக்கீங்களே ஒண்ணு. ஓடக்காரியும் அவளச் சேந்த எல்லாமும் இன்ன கம்பெனிக்குச் சொந்தம், இது ரசிகர்கள் அன்பால செஞ்சது, உரிமை எதுவும் எங்களுக்கு இல்லன்னு. ரொம்பப் பணிவா, பூ பார்டர்லாம் போட்டு. அத யார் போடச் சொன்னா? எல்லாரும் போடறாங்க, ஆமா. நான் பாத்த அத்தனை கேம்லயும் இருக்கு. அது காப்பாத்தும்னு உங்க ஆளுங்களுக்குள்ள எப்பிடியோ ஒரு நம்பிக்கை. எங்க பெரியவருக்கு ரொம்பப் பிடிச்ச பக்கமே அதுதான். அதத்தான் மொதல்ல பிரிண்ட் எடுப்பார். தெரியாம பண்ணிட்டேன்னு இனிமே உங்களால சொல்ல முடியாதே. யாரோட பொருள்னு தெரியும், அனுமதி இல்லன்னு தெரியும், தெரிஞ்சேதான் செஞ்சேன்னு நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆச்சு. திருடப்போன வீட்ல, ஐயா இது உங்க வீடுதான்னு சீட்டு எழுதி வச்சுட்டு வர்றதா?

திருடன்னு சொல்லல. வாய் தவறி வந்துடுச்சு. மன்னிச்சுக்குங்க.

பன்னெண்டு வருஷமா கம்பெனி அவளத் தொடலதான். மூணு பாகம் போட்டாங்க, நடுத்தண்ணில விட்டுட்டாங்க. அண்ணனத் தேடிப் போன பொண்ணு இன்னும் தேடிட்டே இருக்கா. உங்க கோவம் நியாயம்தான். ஆனா பூட்டிக் கெடக்குற வீடுங்கறதால உள்ள போய்ப் பெயின்ட் அடிச்சு, பல்பு மாட்டி, ஒழுகற எடத்தெல்லாம் அடைச்சுட்டு, இப்ப எவ்வளவு நல்லாருக்கு பாருங்கன்னா ஓனர் சாவியத் தந்துடுவாரா? இத்தன வருஷம் கண்டுக்காமத்தான் இருந்தாங்க. சில கம்பெனி பாத்தும் பாக்காத மாதிரி இருக்கும், ரசிகன் செய்யறான், செஞ்சுட்டுப் போகட்டும்னு. சிலது தூங்கற மாதிரி கெடந்துட்டு, நேரம் பாத்து எழுந்திரிக்கும். உங்களுது ரெண்டாவது. இப்ப இவங்களையே இன்னொரு பெரிய கம்பெனி வாங்கப்போகுது. வீட்ட விக்கறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணுவாங்கல்ல. எலிப்பொந்து, ஒட்டடை, எல்லாம். அதுல நீங்களும் ஒரு மூலை.

அனுமதி கேட்டிருக்கலாமோன்னு கேக்கறீங்க. ரெண்டு பேரு கேட்டாங்க, அண்ணன் தம்பி. மரியாதையா, அழகா எழுதிக் கேட்டாங்க. கேக்காம இருந்திருந்தா இன்னும் ஒரு நாலு வருஷம் ஓடியிருக்கும். கேட்டதும் அங்க ஒரு ஆபீசர் பதில் சொல்லியே ஆகணும். ஆமான்னு சொல்ல அவருக்கு அதிகாரம் இல்ல, இல்லன்னு சொல்ல இருக்கு. அப்ப என்ன சொல்வார்? 

கேட்டாலும் போச்சு, கேக்கலன்னாலும் போச்சு. ஆமா. எனக்கும் அப்பிடித்தான் தோணுது. நான் சட்டம் எழுதல தம்பி, டைப் அடிக்கறேன்.

அக்கான்னே கூப்பிடுங்க. மேடம்னு கூப்பிட்டா ஆபீஸ் ஞாபகம் வருது. நான் இங்க வந்தது அங்க யாருக்கும் தெரியாது. லீவு நாள்ல வந்திருக்கேன், தெரிஞ்சா முப்பது வருஷ வேலை அன்னிக்கே முடிஞ்சுது.

இருங்க, அவருக்கு என்னமோ லேமினேஷன் வேணுமாம். பாத்து, ஓரம் மடங்குது. பொண்ணு சர்டிபிகேட்டா? நல்லா வரட்டும்.

எங்க விட்டேன். லெட்டர். வந்ததும் என்ன பண்ணக்கூடாதுன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. அத எடுத்து ஊருக்கெல்லாம் காட்டாதீங்க. ஒருத்தர் காட்டினார். ரசிகருங்க எல்லாம் கொதிச்சுட்டாங்க, கம்பெனிய வண்டை வண்டையா திட்டினாங்க. அவருக்கு நாலு நாள் குளிர்ந்துது. அஞ்சாம் நாள், லெட்டரோட முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம் கோர்ட்டுக்குப் போயிடுச்சு. இப்பவும் போயிட்டு வந்துட்டு இருக்கார். திட்டினவங்க யாரும் கூடப் போகல. நீங்க வக்கீல் ஒருத்தரக் கேளுங்க, ஊருக்கு ஊரு சட்டம் வேற, நான் சொல்றத மட்டும் நம்பிக்காதீங்க. ஆனா லெட்டர் எல்லா ஊர்லயும் ஒரே லெட்டர்தான். எடுத்துடு, அழிச்சுடு, இனிமே செய்யமாட்டேன்னு எழுதிக் குடு. சொன்ன நாளுக்குள்ள செஞ்சிட்டா பெரும்பாலும் அத்தோட விட்டுடுவாங்க. எங்க பெரியவருக்கு உங்கமேல ஒரு பகையும் இல்ல. அவரு உங்க கேமப் பாத்ததுகூட இல்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை வெளியிடப்போறதா போட்டிருக்கீங்க. அது வேணாம். அது நடந்தா, அப்புறம் லெட்டர் இல்ல, கேஸ். இந்தக் கடை போகும் தம்பி. மெஷின் லோன்ல வாங்கினதுதானே, பாத்தாலே தெரியுது.

ஆறு வருஷமா? நான் ஏழோ எட்டோன்னு நெனச்சேன்.

சும்மா ஆறுதலுக்குச் சொல்லல, நல்லாருக்கு. எனக்குப் பிடிக்கறதுக்கு எனக்குச் சம்பளம் கிடையாது, ஆனாலும் நல்லாருக்கு. பகல்ல ஆபீஸ்ல விளையாட இடம் இல்ல, டெலிபோன் அடிச்சிட்டே இருக்கும், அதனால சாயங்காலம் வீட்டுக்கு லேப்டாப்ப எடுத்துட்டுப் போயிடுவேன். எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்துக்குவார். பஸ் ஓட்டினவர். ஒரு கண்ணு போனதும் பஸ்ஸ விட்டு எறக்கி வீட்ல உக்கார வச்சுட்டாங்க. அதுலேர்ந்து ஓட்டறதுக்கு நான்தான் கெடச்சேன். லெப்ட்ல ஒடி, லெப்ட்ல ஒடி, ஏன் இப்ப பிரேக் போட்ட, பின்னாடி ஒருத்தன் வர்றான் பாருன்னு. படகுக்கு ஏதுங்க பிரேக்குன்னா, ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எல்லாத்துலயும் பிரேக் உண்டுங்கறார். நான் செத்த இருநூத்திப் பதினாறுல பாதி அவர் சொன்ன வழில போய்ச் செத்தது.

ஆனா சொல்லணும்ல, அந்த மணிக்கூண்டு வழிய அவர்தான் கண்டுபிடிச்சார். நான் மூணு நாளா முட்டிட்டு நின்னேன். திரைல மூக்கு படற மாதிரி குனிஞ்சு பாத்துட்டு, இங்க தண்ணி நெறம் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு, அடில படி இருக்குதுன்னார். இருந்துச்சு. அத யாரும் கண்டுபிடிக்கலன்னு நெனச்சிட்டு இருந்தீங்களா? எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சார்னு வச்சுக்குங்க. அன்னிக்கு அவர் சாப்பிட்டதே ஒரு தினுசா இருந்துச்சு, லாங் ரூட் முடிச்சுட்டு வந்தவர் மாதிரி.

சிரிக்கறீங்க. பரவால்ல, சிரிக்கத் தெரியுது.

இப்ப கதவுக்கு வர்றேன்.

எல்லா ஊரும் தாண்டி, அந்த மேட்டு மேல ஒரு வீடு. தண்ணி அதுக்குக் கீழயே நின்னுடுது. நாலு பாகத்துல மொத தடவயா அவ படகக் கட்டிட்டு நடந்து போறா. நடக்கறப்ப கால் தடுமாறுது பாருங்க, தரைல நடந்து பழக்கமில்லாத மாதிரி. அத வரையறதுக்கு எவ்வளவு நாள் ஆச்சு உங்களுக்கு? நெனச்சேன். அப்புறம் கதவு. சாவி இருக்கு, போட்டாச்சு, சத்தம்கூட வருது. தொறக்கல. எல்லாச் சாமானையும் தேய்ச்சுப் பாத்தேன். திரும்பி மொதல்லேர்ந்து ஒரு தடவ ஓட்டினேன். தொறக்கல. ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். எங்க ஜூனியர் ஒருத்தன் உள்ள நோண்டிப் பாத்துச் சொன்னான், கோளாறு இல்ல அக்கா, கதவுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, அவர் இன்னும் செய்யலன்னு.

ஏன் செய்யல?

ம்.

யார் சொன்னா அப்பிடி?

அதுவும் எல்லாருமா. கேமே முடியல, சோதனை ஓட்டம்தான் விட்டிருக்கோம்னா சட்டம் தொடாது, முடிச்சாத்தான் குத்தம்னு. அதனால ஆறு வருஷமா முடிக்காமலே வச்சிருந்தீங்க. வெளியிடற தேதி போட்டுட்டும் கதவ மட்டும் விட்டுட்டீங்க. கடவுளே. தம்பி, அரைக் கெணறு வெட்டினாலும் அடுத்தவன் நெலத்துல வெட்டினது வெட்டினதுதான். முடிக்காத கேமுக்கும் அதே லெட்டர்தான், ஒரு எழுத்து மாறாது. என் கையாலயே எத்தன அடிச்சிருக்கேன். உங்க ஆளுங்க எத்தன பேரு இப்பிடிக் கடைசிய மட்டும் செய்யாம விட்டு வச்சிருக்காங்க தெரியுமா? பாதிப் பேரு. கடைசிப் பாலம் இல்ல, கடைசிச் சண்டை இல்ல, கடைசிப் பாட்டு இல்ல. லெட்டர் வந்துடும், எடுத்துடுவாங்க, அந்தக் கடைசி எங்கயும் இல்லாமலே போயிடும். பயந்து பயந்து பட்டினி கெடந்தவன் மேலயும் விருந்து சாப்பிட்டான்னு கேஸ் வர்ற மாதிரி.

அது மட்டும்தான் காரணமா?

உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா. சரி. அது நியாயமான காரணம். அண்ணன் இருப்பான்னு தோணலயா? எனக்கும் தோணல. இத்தன வருஷம் கழிச்சு அவன் அங்க உக்காந்திருந்தா எனக்குக் கோவம்தான் வரும்.

எங்க வீட்டுக்காரர் தெனம் ஒண்ணு சொல்றார். சாயங்காலம் நான் செருப்பக் கழட்டறதுக்குள்ள, கதவு தொறந்துச்சாங்கறார். இல்லன்னா, உள்ள அவ வீடுதான், அவளுதேதான், சுத்தி வந்து அங்கயே வந்துட்டாங்கறார். மறுநாள், இல்ல இல்ல, உள்ள ஒரு ஜன்னல் இருக்கும், அதுல பாத்தா தூரத்துல ரோடு தெரியும், காஞ்ச ரோடுங்கறார். பஸ்காரருக்கு வேற என்ன தெரியும். அந்த ஜூனியர் சொன்னத நான் அவர்கிட்ட சொல்லல. ஒண்ணுமே இல்லன்னு எப்பிடிச் சொல்றது? நாளைக்குத் தொறந்துடும்னு சொல்லிட்டு இருக்கேன், பத்து நாளா.

அதான் தம்பி. மூணு நாள் இருக்கு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, உங்களுக்கும் கடைல கூட்டம் இல்ல. புதன் சாயங்காலத்துக்குள்ள அந்தக் கதவுக்குப் பின்னாடி ஏதாவது வச்சுக் குடுங்க. உங்களுக்கு என்ன தோணுதோ அது. ரிப்போர்ட்டப் பத்திக் கவலப்படாதீங்க, அது போயாச்சு, கடைசிக் கதவு திறக்கவில்லைன்னு நானே அடிச்சுக் குடுத்துட்டேன். அதுக்கு மேல யாரும் பாக்கப்போறதில்ல. வெள்ளிக்கிழமை லெட்டர் வந்ததும் மத்ததோட சேத்து அதையும் அழிச்சுடுங்க, ஒண்ணையும் ஒளிச்சு வைக்காதீங்க, நண்பனுக்குக் குடுத்தேன் அவன்கிட்ட இருக்குங்கறதும் வேணாம். நான் உங்கள ஏமாத்த விரும்பல, ஆறு வருஷம் போகுது, அத என்னால நிறுத்த முடியாது. ஆனா முடிஞ்சுபோனதா போகட்டுமே. முடியாததா போறதுக்கு அது தேவலை.

ஒரு பத்து நிமிஷம் ஓடினாப் போதும். பாட்டெல்லாம் வேணாம். வெறும் ரூமா இருந்தாலும் சரி. கொஞ்சம் வெளிச்சமா மட்டும் வைங்க, பெருசா, நெறம் நல்லா பளிச்னு இருக்கற மாதிரி. சின்னச் சின்னதா எதுவும் வரையாதீங்க, அவரால பிடிக்க முடியாது. ஜன்னல் வைக்கறதா இருந்தா வைங்க. ரோடு உங்க இஷ்டம்.

புதன்கிழமை அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கறேன். வர்றப்ப இன்னொரு பில்லு கொண்டு வர்றேன், காப்பி எடுக்க.

ஏன் புதன்னா, வியாழக்கிழமை, பதிமூணாம் தேதி, காலைல ஏழு மணிக்கு அவருக்கு ஆபரேஷன். அந்த இன்னொரு கண்ணுல. டாக்டர் உறுதியா எதுவும் சொல்லல.